விமானமோட்டியின் வாய்மொழிப் பரீட்சை

விமானத்தைச் செலுத்தும் திறனுக்கும் பறப்பதற்குரிய தகுதிக்கும் வேறுபாடுண்டு. இவ்வேறுபாடு படிப்படியாக உணரப்பட்ட வரலாறே விமானமோட்டிப் பரீட்சையின் வரலாறாகும்.

முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் ஐரோப்பிய வான்கழகங்கள் கைத்திறனையே சோதித்தன. இரு கம்பங்களைச் சுற்றி எட்டு வடிவிற் பறத்தல், 50 மீற்றர் உயரம் எழுதல், இயந்திரத்தை நிறுத்திக் குறித்த இடத்தருகே இறங்குதல் ஆகியனவே அன்றைய சோதனைகள். பரீட்சகர் தரையில் நின்றே அவதானித்தனர்.

ஐக்கிய அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் வான்வழி வர்த்தகச் சட்டம் இப்பொறுப்பை அரசிடம் ஒப்படைத்தது. 1927 ஏப்ரல் 6ஆம் திகதி முதலாம் இலக்க அனுமதிப்பத்திரம் வில்லியம் மக்கிறாக்கனுக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெறும் பெருமையை ஓவில் றைற் ஏற்க மறுத்திருந்தார்.

இன்று அந்நாட்டில் தனியார் விமானமோட்டியாக விரும்புவோர், பரீட்சகரின் வினாக்களுக்கு விடையளித்துத் தேறிய பின்னரே பறப்புச் சோதனைக்குச் செல்வர். பயணத் திட்டம், வானிலை, எரிபொருள், விமானத்தின் எடைச் சமநிலை, அதன் ஆவணங்கள் ஆகியவற்றை அவர்கள் விளக்குதல் வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த நியமங்கள் அறிவு, திறன் ஆகியவற்றோடு ஆபத்தை மதிப்பிடும் ஆற்றலையும் ஒவ்வொரு பணியிலும் இணைத்தன.

ஆகவே, மனனம் மட்டும் இப்பரீட்சைக்குரிய ஆயத்தமாகாது. முகில் தாழ்ந்துவரும் வேளையில் உறவினர் காத்திருப்பினும் "இன்று பறப்பதில்லை" என்று முடிவுசெய்யும் துணிவே அதன் சாரமாகும். கைத்திறன் விமானத்தை உயர்த்தும். அதிலுள்ளோரைக் காப்பது இத்தகைய தீர்ப்பே.