"பகோடா" என்னும் சொல்லும் செஞ்சிக் கோட்டையும்

நம் நாட்டுச் சரித்திரத்தை ஆங்கில ஏடுகளின் வாயிலாகப் பயில்வோர்க்கு இடறுகல்லாய் நிற்கும் சொற்கள் சில உள. அவற்றுள் தலையாயது "பகோடா". கடலைமாவிற் பொரிக்கும் பக்கோடாவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

இச்சொல் போர்த்துகேசியர் வாய்மொழியினின்று ஆங்கிலத்திற் புகுந்தது. இதன் மூலம் "பகவதி" என்பாரும், பாரசீகச் சொல்லொன்று என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், கோயிலும் பகோடா, அதனுள்ளிருக்கும் விக்கிரகமும் பகோடா, நம் முன்னோர் வராகன் என வழங்கிய பொன் நாணயமும் பகோடா என்றாயிற்று. நாணயத்தில் சுவாமி உருவம் பொறித்திருந்தமையே இதற்குக் காரணமென்பது எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சென்னைக் கும்பினியார் கணக்கில் வராகன் ஒன்றுக்குப் பணம் 42, பணம் ஒன்றுக்குக் காசு 80. ஆக 3,360 காசு. 1818-இல் ரூபாய் அவ்விடத்தைப் பெற்றது. பழைய பத்திரங்களிலோ வராகன் கணக்கே நிற்கிறது.

இனிச் செஞ்சிக்கு வருவோம். 1690-இல் சிவாஜியின் குமாரர் இராஜாராம் செஞ்சியில் இருந்தார். ஔரங்கசீப்பின் சேனாதிபதி சுல்பிகார்கான் கோட்டையை முற்றுகையிட வந்தான். மராட்டியருக்குப் பணமுடை மிகுதி. அச்சமயத்தில், எலிஹு யேல் கவர்னராயிருந்த சென்னைக் கும்பினியார், கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்குக் கொண்டனர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரமளவும் நிலம் அதனோடு சேர்ந்தது. "குண்டு கிராமங்கள்" எனும் பெயர் இங்ஙனம் பிறந்தது. இத்தகைய கிரய விவகாரங்களில் பகோடா என வருவது நாணயமே.

அறுபது ஆண்டு கழித்துப் பார்ப்போமாயின், அதே சொல் வேறு முகங் காட்டுகிறது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி செஞ்சியைப் பிடித்தான். 1761 ஏப்ரலில் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்காலத்து யுத்தக் குறிப்புகளில் பகோடா என்பது கோயில். இன்னும் உண்மையாகச் சொன்னால், மதில் சூழ்ந்த படைவீடு. 1781-இல் ஐதரலியின் காவற்படை சிதம்பரம் கோயிலினுள் இருக்க, ஜெனரல் கூட் அதனைத் தாக்கி, முடியாது பின்வாங்கினார். நம்மவர் வழிபட்ட இடங்களில் வெடிமருந்து அடுக்கினார்கள் என்பதை இவ்வொரு சொல் மறைத்துவிடுகிறது! செஞ்சி வெங்கடரமண சுவாமி கோயிலின் தூண்களோ பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குப் பெயர்க்கப்பட்டன. கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பன செஞ்சித் தூண்களே.

ஆகவே "ஒரு பகோடா கொடுத்தார்" என்று ஓர் ஆங்கில நகலிற் கண்டவுடன், நம் பாட்டனார் கோயில் கட்டினார் எனக் குடும்ப வரலாறு எழுதிவிடலாகாது. அவர் கொடுத்தது மூன்றரை ரூபாய் பெறுமான ஒற்றை நாணயமாயிருக்கலாம். சொல்லின்முன் எண் வரின் நாணயம், ஊர்ப்பெயர் வரின் கோயில் என்று விதி செய்வாருளர். அவ்விதி இரு பக்கமும் முறிகிறது. "ஏழு பகோடா" என ஆங்கிலேயர் வழங்கியது மாமல்லபுரத்தை. "போர்ட்டோ நோவோ பகோடா" என்பதோ பரங்கிப்பேட்டைக் கோயிலன்று, ஒருவகை வராகன்.

இத்தகைய நகல்கள் வைத்திருக்கும் அன்பர்கள், பரணிலுள்ள தமிழ் மூல ஓலையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. அதில் கோயில் என்றும் வராகன் என்றும் தனித்தனியே எழுதியிருக்கும்.