தேம்ஸ் கரையில் ஒரு சறுக்குப்பலகை

கடந்த கோடையில் இலண்டனிலுள்ள என் தம்பி வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவனுடைய பதினொரு வயது மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ஸ்கேட்போர்ட் கிடைத்திருந்தது. அதை ஓட்டிப் பழகத் தேம்ஸ் நதியின் தென்கரைக்குப் போகவேண்டுமென்று அவள் நாள்தோறும் கேட்டாள். "அங்கை நிக்கிறதெல்லாம் காவாலியள், அண்ணை" என்று தம்பி மறுத்துவந்தான். "பெரியப்பா, நீங்கள் வந்தால் அப்பாவும் வருவார்" என்றாள் அவள். ஒரு ஞாயிறு காலையில் குடும்பமாகப் புறப்பட்டோம்.

அங்கே குவீன் எலிசபெத் மண்டபம் இருக்கிறது. 1967இல் திறக்கப்பட்ட இசையரங்கு அது. அதன் அடியில் தடித்த தூண்களும் சாய்வான கொங்கிறீற் தளங்களும் கொண்ட திறந்தவெளி ஒன்றுண்டு. அதை விளையாட்டிடமாக எவரும் திட்டமிடவில்லை. 1970களின் முற்பகுதியிலிருந்து இளைஞர்கள் தாமாகவே அங்கு சறுக்கத் தொடங்கினார்கள்.

இவ்விளையாட்டின் வரலாறே அத்தகையதுதான். 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள், கடலில் அலையில்லாத நாட்களில் தரையில் ஓடுவதற்காகப் பலகைக்குச் சில்லுப் பூட்டினார்கள். ஆரம்பகாலச் சில்லுகள் இரும்பாலும் களிமண் கலவையாலும் ஆனவை. சிறு கல் தடுக்கினாலும் ஆளைத் தூக்கியெறிபவை. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வேர்தி என்பவர் பொலியூரித்தேன் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே பலகை தரையைப் பற்றி ஓடியது. 1970களின் நடுப்பகுதியில் அங்கு வரட்சியால் வற்றிக் கிடந்த நீச்சல் தடாகங்களும் சறுக்குதளங்களாயின. பிறர் கைவிட்ட இடங்களே இவர்களுக்குக் களம்.

2013இல் தென்கரைக் கலை மையம் தன் விரிவாக்கத் திட்டத்தை வெளியிட்டது. சறுக்குவோர் இடத்தில் கடைகளும் உணவகங்களும் வரும். அவர்களுக்கு அருகிலுள்ள ஹங்கர்போர்ட் பாலத்தின் கீழ் மாற்றிடம் தரப்படும் என்றார்கள். இளைஞர்கள் இணங்கவில்லை. ஆற்றோரம் மேசை போட்டுக் கையொப்பம் திரட்டினார்கள். மாநகரசபைக்கு 27,000இற்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் சென்றன. 2014 செப்டெம்பரில் கலை மையம் அவ்விடத்தை அவர்களுக்கே விட்டுவைக்க உடன்பட்டது. நெடுங்காலம் மூடிக்கிடந்த பகுதியொன்றும் புதுப்பிக்கப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. அதே 2014இல்தான் கிழக்கு இலண்டன் ஹோர்ன்சேர்ச்சில் 1978இல் கட்டப்பட்ட ரொம் சறுக்குப் பூங்கா, பழைய தேவாலயங்களையும் மாளிகைகளையும் போலப் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

'மாற்றிடம்' என்ற சொல் எனக்குப் புதிதல்ல. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் அச்சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். தம் இடத்தைவிட்டு எழுப்பப்பட்டவர்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது அந்தச் சொல்தான். நிலம் எங்கும் கிடைக்கலாம்; அதில் பழகிய காலம் எங்கும் கிடைக்காது. சட்டப்படி ஓரடி நிலமும் சொந்தமில்லாத பொடியன்கள், புழங்கியதையே உரிமையாக்கி நிலைநாட்டிய கதை இது.

பெறாமகளின் வற்புறுத்தலால் நானும் பலகையில் ஏறினேன். தம்பி கையைப் பிடித்திருந்தான். பிடி விட்டதும் பலகை முன்னே போனது. நான் கொங்கிறீற்றில் இருந்துவிட்டேன். கிழிந்த காற்சட்டையணிந்த ஒரு பையன் ஓடிவந்து தூக்கிவிட்டான். முழங்காலை மடிக்க வேண்டும், உடற்பாரத்தை முன்காலில் வைக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டித்தந்தான். பிறகு என் பெறாமகளுக்கு அரைமணி நேரம் பழக்கினான். போகும்போது அவனுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னவன் என் தம்பிதான்.

திரும்பி வரும்போது ரயிலில் நெடுநேரம் பேசாமலிருந்தான். இறங்கும் தறுவாயில் மகளைப் பார்த்துக் கேட்டான்: "வாற ஞாயிறும் போவமோ?"