மும்மொழி பேசிய முதல் இரவு

தமிழ்த் திரை வாய்திறந்த முதல் நாளிலேயே அது தமிழை மட்டும் பேசவில்லை என்பது கலை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் திரையிடப்பெற்ற ‘காளிதாஸ்’ படமே அது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ‘ஆலம் ஆரா’வை வெளியிட்ட பம்பாய் அர்தேஷிர் இரானியின் தயாரிப்பு, இயக்கியவர் எச். எம். ரெட்டி. படச்சுருள் வந்து சேர்ந்தபோது மக்கள் மலர்தூவி, தேங்காய் உடைத்து வரவேற்றனர் என்பர் திரை வரலாறு எழுதியோர்.

அரங்கினுள் அவர்கள் கேட்டது என்ன? நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் வினவினார், நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் விடை பகர்ந்தார், எல். வி. பிரசாத் முதலிய துணை நடிகர்கள் இந்தியில் பேசினர். கதையோ, அமைச்சனின் சூழ்ச்சியால் கல்லாத இடையன் ஒருவனை மணந்த அரசகுமாரியின் கதை. காளியின் அருளால் அவன் கவியான பின்னரும் கணவன் மொழியும் மனைவி மொழியும் கூடவில்லை! போதாக்குறைக்கு, தியாகராசர் கீர்த்தனைகளும், காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாடலும் இடம்பெற்றன. பொருந்தாமையே உருவான அப்படத்தை மக்கள் திரண்டு கண்டனர். நாடகமேடையில் கேட்டறிந்த தமிழ்க்குரல் வெண்திரையிலிருந்து எழுந்ததே அதற்குக் காரணம்.

அன்று தமிழ்ப் பேசும்படத்திற்குத் தமிழ் மண்ணில் களம் இல்லை. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ சென்றாக வேண்டும். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை எழுப்பிய சாமிக்கண்ணு வின்சென்ட், அதே ராஜலட்சுமியை நாயகியாக்கி 1933இல் வெளியிட்ட ‘வள்ளி திருமண’மும் கல்கத்தாவிலேயே உருவாயிற்று. கோவைத் தொழில் முனைவோருடன் அவரும் சேர்ந்து 1935இல் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தோற்றுவித்தபோதுதான் கொங்கு மண்ணில் அக்குறை தீர வழி பிறந்தது. 1947இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’க்கு உரையாடல் எழுத மு. கருணாநிதி வந்து தங்கியதும் இக்கோவையில்தான்.

கோவை பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் ‘மலைக்கள்ள’னை வெளியிட்டார். மூலக்கதை, மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினம். அக்கதையையே தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் அவர் படமாக்கினார். ‘காளிதா’ஸில் ஒரே படத்திற்குள் மூன்று மொழிகள் முட்டிமோதின. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், கொங்குநாட்டுக் கவிஞர் ஒருவரின் கதை ஆறு மொழிகளில், அந்தந்த மொழிக்குரிய தனித்தனிப் படமாக வெளிவரத் தொடங்கிற்று.

‘காளிதா’ஸின் பிரதி இன்று கிடைப்பதில்லை. ஆயினும் அவ்விரவு நகைப்புக்கு மட்டும் உரியதன்று. பிழைபட்ட உச்சரிப்புக்கும் பொருந்தா மொழிக்கும் இடையே தம் தாய்மொழியை அடையாளம் கண்டு, அதற்காகவே அரங்கை நிறைத்த மக்களே தமிழ்த் திரைக்கு முதல் புரவலர்கள். அவர்களுடைய செவிப்பசிக்கு உணவளிக்கவே ஸ்டூடியோக்கள் எழுந்தன. கவிஞர்களுக்கும் அங்கே வாயில் திறந்தது.