முகமூடி கடைசிப் படிதான்!



அனகாபுத்தூரிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்த நண்பர்களுக்குப் பம்மல், நாகல்கேணி பக்கம் அடித்த அந்த அழுகின முட்டை வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். "டேய், ஆம்லெட் ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்று கிண்டல் செய்வோம். வேலைக்குப் போன பிறகுதான் அந்த வாசனைக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரமும், பல உயிர்களும் இருப்பது தெரிந்தது. அதைத்தான் இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரை போனது. பக்கத்திலேயோ தோல் தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊற வைத்துத்தான் தோல் பதப்படுத்தினார்கள். 1903-ல் சென்னை கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியத்தால் பதப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கினார். பிறகு சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதனால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர்!

இனி விஷயத்துக்கு வருவோம். வேலையிடத்து ஆபத்தைக் கட்டுப்படுத்த ஐந்து படிகள் உண்டு. முதல் படி, ஆபத்தையே ஒழித்து விடுவது. இரண்டாவது, அதற்குப் பதில் ஆபத்துக் குறைந்த வேறொன்றைப் போடுவது. மூன்றாவது, வேலி, மூடி, காற்றோட்டம் என்று ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு அமைப்பது. நான்காவது, வேலை முறை, அனுமதிச் சீட்டு, பயிற்சி. ஐந்தாவதுதான் முகமூடி, கையுறை, பூட்ஸ். மேலிருந்து கீழே வர வேண்டும் என்பது விதி. நாமோ பெரும்பாலும் கீழேயே ஆரம்பித்துக் கீழேயே முடித்து விடுகிறோம்!

இது புதுக் கருத்து அல்ல. 1898-ல் பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் தாமஸ் லெக். முதலாளி செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடிக்காதவரை தொழிலாளி தன்னைக் காத்துக் கொள்ள ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட முடிவு. வெள்ளை ஈயம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையைத் தன் அரசாங்கம் ஏற்காததால் 1926-ல் வேலையையே ராஜினாமா செய்தார்.

தோல் தொழிலிலேயே இரண்டாவது படிக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1884-ல் அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றது இரண்டு தொட்டி முறை. அதில் தோலை முதலில் டைக்ரோமேட் கரைசலில் ஊற வைக்க வேண்டும். இந்த ஆறு இணைதிறன் குரோமியம் கையில் புண் வைக்கும். மூக்கின் நடுச் சுவரையே ஓட்டை போடும். 1893-ல் டென்னிஸ் கொண்டு வந்த ஒரே தொட்டி முறையில் தோலைத் தொடுவது மூன்று இணைதிறன் குரோமியம். இதன் நச்சு மிகக் குறைவு. பின்னாளில் பேசிக் குரோமியம் சல்பேட் பொடியாகவே மூட்டையில் வந்தது. தோல் தொழிலாளி பிழைத்தார்.

ஆனால் அந்தப் பொடியை யாரோ ஒருவர் டைக்ரோமேட்டிலிருந்து செய்தாக வேண்டுமே? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். ஒரு ஊரில் இறக்கி வைத்த சுமை இன்னொரு ஊர் தலையில் ஏறியது. மாற்றுப் பொருள் தேடும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, முட்டை வாசனைக்கு வருவோம். முடியை நீக்க சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு போடுவார்கள். அடுத்த கட்டத்தில் அமிலமும் குரோமும். இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றை விடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் மூக்கே மரத்துப் போகும். "வாசனை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பவர்தான் முதலில் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவர் இரண்டாவது. கழிவுத் தொட்டி மரணச் செய்திகளில் இருவர், மூவர் என்று சேர்ந்தே வருவது இதனால்தான்.

இதற்குச் சட்டம் இல்லாமலா? 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு இதைத்தான் சொன்னது. வாயுவை அகற்ற முடிந்ததை எல்லாம் செய்யாமல் ஆளை இறக்கக் கூடாது. அதற்கு மேல், தகுதி உள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்ந்தது. 2020-ல் பார்லிமெண்ட் பழைய சட்டங்களை ஒரே தொகுப்பாக்கியது.

1996 ஆகஸ்டில் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டாயம் என்றானது. ஆற்றுக்கு நல்லது. ஆனால் சுத்திகரிப்பு என்றால் சேறு, சேறு என்றால் தொட்டி. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தூங்குபவனுக்கு எந்த முகமூடி உதவும், சொல்லுங்கள்?

இப்போது ஒரு வெட்கக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். கழிவுத் தொட்டி அடைத்துக் கொண்டது. சூப்பர்வைசர் ஒரு சீட்டை நீட்டினார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார், ஆள் ரெடியா நிக்கிறான்."

"மீட்டர் எங்கே?"

"அது ரிப்பேர்ல இருக்கு சார். தீக்குச்சி கொளுத்திப் பாத்தாச்சு, நல்லா எரியுது."

தீக்குச்சி எரிந்தால் பிராணவாயு இருக்கிறது என்று அர்த்தம்; விஷவாயு இல்லை என்று அர்த்தம் இல்லை. போதாதற்கு ஹைட்ரஜன் சல்பைடு தீப்பற்றும் வாயு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய எனக்கு இது தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். ஷிப்ட் நிற்கக் கூடாதே என்ற பயம்! இறங்கியவர் துணியால் மூக்கைக் கட்டிக் கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் தள்ளாடி மேலே வந்து வாந்தி எடுத்தார். "ஒண்ணுமில்ல சார், வெயில்" என்று என்னையே சமாதானப்படுத்தினார். அன்று அவர் பிழைத்தது என் படிப்பினால் அல்ல.

அடுத்த மாதம் செய்தது என்ன தெரியுமா? இரண்டு கழிவுக் கால்வாய்களையும் தனித்தனியாகப் பிரித்தோம். அது முதல் படி: குழியில் வாயு உருவாவதே நின்றது. தொட்டியின் வாயிலேயே கம்பி வலையும், சேற்றை மேலிருந்தே இழுக்கும் பம்பும் வைத்தோம். அதன் பிறகு யாரும் இறங்கத் தேவைப்படவில்லை. செலவு பெரிதில்லை. முன்பே யாராவது கேட்டிருந்தால் முன்பே செய்திருக்கலாம். கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

வருஷா வருஷம் மார்ச் 4-ல் தேசியப் பாதுகாப்பு தினம் கொண்டாடுகிறோம். தொழிலாளர்களை வரிசையில் நிற்க வைத்து உறுதிமொழி வாங்குகிறோம். நல்லதுதான். கூடவே என்ஜினீயர்களும் ஒரு உறுதிமொழி எடுத்தால் என்ன?

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் முன்னாலும் ஒரு சீட்டு நீளும். பேனாவைத் திறப்பதற்கு முன், "ஆள் இறங்காமலே இந்த வேலையை முடிக்க வழி உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்று தெரிந்த பிறகு மீட்டரைக் கேளுங்கள். பிறகு கயிறு, அதைப் பிடிக்கும் ஆள், சுவாசக் கருவி. தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. பெரிய பதவிகளில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மீட்டர் ரிப்பேரில் இருக்கிறது என்று ஜூனியர் ஒருவன் வேலையை நிறுத்தினால், தயவு செய்து அவனைத் திட்டாதீர்கள்.