'பிறகு பார்ப்பம்'

பதுளைக் கடைவீதியின் இந்திய வம்சாவளி முஸ்லிம் வியாபாரியையும் தோட்டத்து லயத்துச் சனங்களையும் ஒரே சட்டம்தான் வரிசையில் நிறுத்தியது: 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். ஆகவே இது எங்கட வரலாறும்தான்.

1947இல் பதுளைத் தொகுதி, இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. 1952 தேர்தலில் தோட்டத்தாரில் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. வாக்கில்லாதவன் பிள்ளையின் படிப்புக்கு எந்தக் கட்சி வாய் திறக்கும்?

1964 ஒக்டோபரில் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 150,000 பேர் விஷயம் 'பிறகு பார்ப்பம்' என்று விடப்பட்டது. 1974இல்தான் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அதற்குள், ஆறு வயதில் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குப் பதினாறு வயதாகிவிட்டது. பிரஜாவுரிமை இல்லாவிட்டால் பல்கலைக்கழகமும் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. மறுப்பவன் முகத்தைக் காட்டுவான், தள்ளிப்போடுபவன் காட்டமாட்டான்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை தீர்ந்தது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு முன் வாசலில் நின்றவர்களின் கணக்கை யார் எழுதுவது? எங்கட வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பழைய பிரஜாவுரிமை விண்ணப்பங்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.