சிறுநீரகமா, உயிரா?

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கடந்தவன் நான். மருத்துவச் செய்திகள் எத்தனையோ என் கைவழியே அச்சுக்குப் போயின. எனினும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருந்த நண்பர் ஒருவருக்கு 2019இல் தோற்புற்றுநோய் கண்டு அது பரவியபோதுதான், ஒரே உடலுக்குள் இரண்டு சிகிச்சைகள் மோதிக்கொள்ளும் இந்த வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்டன் நகரில் ஜோசப் மறே குழுவினர், றொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகமொன்றை அவரது இரட்டைச் சகோதரர் றிச்சர்டுக்குப் பொருத்தினர். ஒத்த இரட்டையராதலால் உடல் அதனை அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோருக்கு அந்தக் கொடுப்பினை ஏது? அவர்களது நோயெதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கவேண்டியிருந்தது. அறுபதுகளில் வந்த அசதயோபிறின் அதற்கு வழி திறந்தது. காவற்காரனை உறங்கவைத்து விருந்தாளியை உள்ளே அழைத்த கதைதான். கள்வனும் கூடவே நுழைந்தான். மாற்றுறுப்புப் பெற்றோரிடம் தோன்றிய புற்றுநோய்களை அறுபதுகளின் இறுதியிலிருந்து டென்வரில் இஸ்ரேல் பென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பதிவுசெய்யத் தொடங்கினார்.

என்னை வியக்கவைத்தது 1968இல் வெளியான ஓர் அறிக்கை. அதே பொஸ்டனில், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தோடு கொடையாளியின் புற்றுநோயும் நோயாளிக்குத் தொற்றிவிட்டது. வைத்தியர்கள் அடக்கும் மருந்தை நிறுத்தினர். உடல் சிறுநீரகத்தை நிராகரித்தது, புற்றுநோயையும் அழித்தது. அது பிறருடைய புற்றுநோய் என்பதை மறந்துவிடலாகாது. தன்னுடலிலேயே முளைப்பதை இனங்காண்பது அத்தனை எளிதன்று.

அதற்கான வழியைக் காட்டியவர்கள் ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும். நோயெதிர்ப்புக் கலங்களின் தடைகளை நீக்கினால் அவை புற்றுநோயைத் தாக்கும் என்ற அவர்களது கண்டுபிடிப்புக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகையில் முதலாவது மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் பரிசோதனைகளில் மாற்றுறுப்புப் பெற்றோரைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. காரணம் வெளிப்படை: விழித்தெழும் காவற்காரன் விருந்தாளியையும் விட்டுவைக்கமாட்டான். பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட விபரங்களின்படி, இம்மருந்தைப் பெற்ற மாற்றுச் சிறுநீரக நோயாளரில் ஏறக்குறைய பத்தில் நால்வருக்கு நிராகரிப்பு ஏற்பட்டது.

இங்கேதான் ஈஸ்டர் தீவு மண் கதைக்குள் வருகிறது. அம்மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட சிறோலிமஸ், நிராகரிப்பைத் தடுப்பதோடு சில புற்றுநோய்களின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துவது. இவ்வகை மருந்தையும் ஸ்ரெறொயிட்டையும் கொடுத்துக்கொண்டு, முற்றிய தோற்புற்றுநோய் கொண்ட 12 சிறுநீரக மாற்று நோயாளருக்கு செமிப்லிமாப் வழங்கிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. ஒரு சிறுநீரகமும் இழக்கப்படவில்லை. மதிப்பிடத்தக்க 11 பேரில் ஐவருக்குக் கட்டி சுருங்கியது. சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் இலேசான செய்தியல்ல.

என் நண்பருக்கு அது பிந்திவிட்டது. இருதயம் மாற்றியவருக்கு இல்லாத ஒரு மாற்றுவழி சிறுநீரகம் மாற்றியவருக்கு உண்டு என்று வைத்தியர் விளக்கியதும், அவர் ஒப்பமிட்டார். இரண்டு மாதத்தில் சிறுநீரகம் செயலிழந்தது. கட்டி கரைந்தது. கிழமைக்கு மூன்று நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறார். அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவருடைய தமக்கை. நிராகரிக்கப்பட்ட செய்தியை அவரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் நண்பர் அன்று என்னிடம் கேட்டார்.