படகு யாருடையது?

செல்வம் மிகுந்த நாடுகளிலே டீசல் இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகொன்றைச் சொந்தமாக வைத்திருத்தல் வாழ்வின் பெருமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. படுக்கையறையும் சமையலறையும் குளிர்ப்பெட்டியும் அமைந்த அப்படகுகளுட் பல, ஆண்டிற் சில வாரங்களே கடலில் ஓடுகின்றன. எஞ்சிய நாள்களில் துறையிற் கட்டிக் கிடக்கின்றன. கட்டிக் கிடக்கும் நாள்களிலும் துறைக்கூலி, காப்புறுதி, வண்ணப்பூச்சு, இயந்திரப் பழுது என்று செலவு நீண்டுகொண்டே போகும். அதே டீசல் இயந்திரம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நெடுந்தீவு மக்களைக் கரைக்குக் கொண்டுவருகின்றது. தொழிலாளரின் வலையை ஆழ்கடலுக்கு எடுத்துச் செல்கின்றது. அங்கே பொழுதுபோக்கு; இங்கே வயிற்றுப்பாடு. எனினும் ஓர் உண்மை இரண்டிடத்துக்கும் பொதுவானது. படகை ஒருநாளில் வாங்கிவிடலாம். அதனை ஆயுள் முழுவதும் பேண வேண்டும். பேணுவதற்குரிய வலிமை யார் கையில் உள்ளதோ அவர் கையிலேயே படகு உண்மையில் இருக்கின்றது. இதனைக் குடாநாட்டுக் கடலின் வரலாற்றிலே வைத்து ஆராய்வது நமது நோக்கமாகும்.

இயந்திரம் வருமுன்னர் இருந்த நிலையை முதலில் நோக்குவோம். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் தமிழகத்துத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தவை. அங்கே 1930ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட 89 அடி நீளமுள்ள ‘அன்னபூரணி’யை நாமனைவரும் அறிவோம். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவரான வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அக்கப்பலை விலைக்கு வாங்கி, ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றினூடாகச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். இந்நிகழ்ச்சியை நம்மவர் பெருமையோடு பேசுவது முறையே. ஆனால் அப்பெருமையின் உள்ளே பொதிந்துள்ள மற்றோர் உண்மையையும் காணுதல் வேண்டும். மரத்தைத் தெரிந்தவர், பலகையை வளைத்தவர், இடுக்குகளிற் பஞ்சு திணித்து எண்ணெயூட்டியவர், பாயைத் தைத்தவர், விண்மீன் பார்த்துத் திசை கண்ட தண்டையல் ஆகிய யாவரும் ஒரே ஊரவர். கப்பலைப் பேணும் கலை முழுவதும் அவ்வூரின் கைகளில் இருந்தது. காற்றுக்கு விலையில்லை, அதனை எவரும் பூட்டி வைக்கவும் முடியாது. ஆகவேதான் கப்பலின் பெயரும் உடைமையும் மாறிய பின்னரும் அதனைச் செலுத்த அவ்வூராரே தேவைப்பட்டனர்.

டீசல் இயந்திரம் இந்த உறவை அடியோடு மாற்றியது. அவ்வியந்திரத்தை ஆக்கிய றுடோல்ப் டீசலின் எண்ணம் வேறாக இருந்தமை இங்கு நினைக்கத்தக்கது. பெரிய நீராவிப் பொறிகளை வாங்கவல்ல ஆலை முதலாளிகளின் முன்னே சிறு கைத்தொழிலாளர் நசுங்கிப்போவதை அவர் கண்டார். எளிய பட்டறையிலும் இயங்கக்கூடிய, குறைந்த எரிபொருளிற் கூடிய வேலை செய்யும் இயந்திரத்தைத் தாம் கண்டுபிடித்தால் அச்சிறு தொழிலாளருக்கு அது கைகொடுக்கும் என நம்பினார். 1897இல் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக இயங்கிற்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே அவ்வகை இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. 1903இல், தொழிலாளர் தம் சிறு சேமிப்புகளைத் திரட்டித் தாமே உடைமையாளராகும் கூட்டுறவுத் திட்டமொன்றை அவர் நூலாகவே எழுதி வெளியிட்டார். நூல் கவனிப்பாரற்றுப் போயிற்று; இயந்திரமோ உலகை வென்றது. 1912இல் ‘செலாண்டியா’ என்ற டென்மார்க்குக் கப்பல் டீசலின் துணையால் கோப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் வரை சென்றது. மறு ஆண்டு, 1913 செப்டெம்பரில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற நீராவிக் கப்பலொன்றிலிருந்து டீசல் கடலில் மறைந்து போனார். ஏழைத் தொழிலாளியின் கைக்கு என்று எண்ணப்பட்ட பொறி, பெரும் கப்பற் கம்பனிகளின் கைக்கும் போர்க்கப்பல்களின் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டுக் கடற்றொழிலிலே இயந்திரமயமாக்கம் 1958இற் பெருமளவில் தொடங்கியது. கடற்றொழில் திணைக்களம் உள்ளிணைப்பு டீசல் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகளைத் தவணைக் கட்டண முறையில் வழங்கிற்று. வள்ளங்களிற் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களும் வந்தன. முன்னேற்றம் உண்மையானது, அதனை மறுப்பது மடமை. தண்டு வலித்துக் கை வீங்கிய காலம் போயிற்று. காற்று ஓய்ந்தால் நடுக்கடலிற் காத்துக் கிடந்த துன்பம் நீங்கிற்று. தொலைவிலுள்ள மீன்பரப்பை எட்டி, மீன் கெடுமுன் கரைக்குத் திரும்ப முடிந்தது. பின்னர் நைலோன் வலையும் பனிக்கட்டியும் சேர்ந்தபோது பிடிபாடு பெருகிற்று.

ஆயின் தவணைப் பத்திரத்தில் ஒப்பமிட்ட தொழிலாளி அன்றே உடைமையாளன் ஆகிவிட்டானா? கடன் தீரும்வரை படகு அவனுக்கு முழு உரிமையாவதில்லை. மீன் படாத மாதத்திலும் தவணை நிற்பதில்லை. பல இடங்களிலே தவணைகள் தவறின. கையில் முதலுள்ள சம்மாட்டியும் வியாபாரியும் அவ்விடைவெளியிற் புகுந்தனர். முற்பணம் கொடுத்தவர் மீனுக்கு விலை குறித்தார். பங்குமுறையும் மாற்றம் பெற்றது. பிடிபாட்டு வருவாயில் எரிபொருட் செலவு முதலிற் கழிக்கப்படும். படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் உரிய பங்கு அடுத்தது. கடலுக்குப் போனவர்களின் உழைப்புக்கு எஞ்சியதே கிடைக்கும். காற்று முன்னர் பங்கு கேட்டதில்லை. டீசல் கேட்டது, அதுவும் முதற்பங்கு கேட்டது.

பேணுதல் என்பதன் பொருளை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். டீசல் இயந்திரத்திலே தீப்பொறி இல்லை. உருளையினுள் அடைபட்ட காற்றைப் பெரும் அழுத்தத்துக்கு உள்ளாக்கும்போது அது கொதிக்கின்றது. அக்கொதிப்பிலே எரிபொருள் நுண்ணிய துளைகளின் வழியே பீச்சப்பட்டுத் தானே பற்றுகின்றது. அத்துளைகள் மிகச் சிறியவை. டீசலிற் சிறிது அழுக்கோ நீரோ கலந்தாற் போதும், இயந்திரம் நின்றுவிடும். ஆகவே வடிகட்டியைக் காலந் தவறாது மாற்ற வேண்டும்; தாங்கியின் அடியிற் படியும் நீரை வடித்துவிட வேண்டும். கடல்நீரைக் கொண்டு குளிரூட்டப்படும் இயந்திரத்தில் உப்புப் படிந்து குழாய் அடைபடும். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரிற் சேர்ந்திருப்பின் ஒன்று மற்றொன்றை அரிக்கும்; அந்த அரிப்பைத் தன்மேல் ஏற்று அழிவதற்கென்றே துத்தநாகக் கட்டியைப் பொருத்துவர். அதனையும் புதுப்பிக்க வேண்டும். சுழலியின் தண்டு படகின் அடியைத் துளைத்துச் செல்லும் இடத்திலே நீர் கசியாதபடி அடைப்பை இறுக்க வேண்டும். இவற்றோடு, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கும் அடியில் ஒட்டும் சிப்பிக்கும் எதிராக ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பூச வேண்டும். உல்லாசப் படகின் சொந்தக்காரர் இவ்வேலைகளைக் கூலி கொடுத்துச் செய்விப்பார். படகு கரையேறிய நாளெல்லாம் வருவாய் இழக்கும் தொழிலாளி அவற்றை நாளைக்கென்று தள்ளிவைப்பான். தள்ளிவைத்த ஒவ்வொரு நாளும் இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்கும், கடனைக் கூட்டும். இது சோம்பலினால் விளைவது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வறுமையின் கணக்கை அறிந்தவர் அவ்வாறு சொல்லார்.

இந்தச் சிக்கலை உணர்ந்து எடுக்கப்பட்ட முயற்சியும் நம் மண்ணில் உண்டு. 1967இல் ஆர்ணே பியோர்தொவ்ற் முதலிய நோர்வே நாட்டு இளைஞர்களின் முன்முயற்சியால் ‘சீநோர்’ நிறுவனம் தோன்றிற்று. காரைநகரிற் படகு கட்டும் தளமும் குருநகரில் வலை ஆலையும் எழுந்தன. படகு, வலை, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கடற்கரையிலேயே அமைத்து, அத்தொழில்களிற் கடற்கரை இளைஞரையே பயிற்றுவது என்பது பெருங்கருத்து. வல்வெட்டித்துறையின் பழைய மேத்திரிமார் மரத்திற் கண்ட தற்சார்பை இயந்திர யுகத்திலே மீட்கும் வழி அது. அம்முயற்சியிற் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அதனைக் குலைத்தது குறைகளல்ல, போராகும்.

1983இன் பின்னர்க் கடல் தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் நோக்கிப் பயணிகளை ஏற்றிச் சென்ற ‘குமுதினி’ இயந்திரப்படகு கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். 1990 ஜூனில், குடாநாட்டின் தலைசிறந்த மீன்பிடித்துறையாகிய மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 27 ஆண்டுகளின் பின்னர், 2017 ஜூலையிலேதான் அத்துறை மீளக் கையளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது ஒடுங்கிற்று. படகின் குதிரைவலுவுக்கும் கடலிற் செல்லும் தூரத்துக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. படகு தொழிலாளியின் பெயரிலேயே இருந்தது. அதனை ஓட்டும் உரிமை வேறொருவர் கையிலிருந்தது.

போர் 2009இல் ஓய்ந்தபோது மற்றொரு முரண்பாடு கூர்மையடைந்தது. தமிழகத்திலிருந்து வரும் பெரும் இழுவைப்படகுகள் கடலின் அடியை வாரிச் செல்கின்றன. சிறு வள்ளங்களின் வலைகள் அவற்றால் அறுபடுகின்றன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடியிழுவை முறையைச் சட்டத்தாற் தடைசெய்தது. குருநகரிலும் இழுவைப்படகுத் தொழிலாளர் உளர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. இதனைத் தமிழரோடு தமிழர் புரியும் சண்டையென்று மட்டும் கண்டு வருந்துவோர் பாதியையே காண்கின்றனர். பிடிபட்டுச் சிறைக்கு வருவோர் படகில் வேலை செய்யும் தொழிலாளர். உடைமையாளர் பெரும்பாலும் கரையில் இருக்கின்றனர். வலை அறுந்தவனும் சிறையிலிருப்பவனும் ஒரே வர்க்கத்தினர். சிறிய இயந்திரத்துக்கும் பெரிய இயந்திரத்துக்கும் இடையிலே கடல் வறிதாகின்றது.

இறுதியாக 2022ஆம் ஆண்டு வந்தது. 2021 டிசம்பரின் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு உயிரான மண்ணெண்ணெய், அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிற்று. குண்டுவீச்சுமில்லை, கடற்றடையுமில்லை, ஆயினும் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. கட்டிக் கிடக்கும் உல்லாசப் படகு சொந்தக்காரரின் செல்வத்தைக் காட்டுகின்றது. கட்டிக் கிடக்கும் மீன்பிடி வள்ளம் காட்டுவது அடுப்பெரியாத வீட்டையே.

ஆகவே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இயந்திரத்தைப் பழித்துப் பாய்மரக் காலத்துக்குத் திரும்பச் சொல்லும் கூற்று பிற்போக்கானது. இயந்திரத்தை வழங்கிவிட்டால் வறுமை தீரும் என்னும் கூற்றோ அரைகுறையானது. படகோடு பழுதுபார்க்கும் பட்டறையும், பட்டறையோடு உதிரிப்பாகக் களஞ்சியமும், இவற்றோடு நியாய விலையில் எரிபொருளும் சந்தையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் இருத்தல் வேண்டும். குடாநாட்டிலே அச்சங்கங்கள் புதியனவல்ல; அவற்றுக்கு வலிமை தருவதே வேண்டுவது. ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கடற்கரைப் பாடசாலையிற் பயிலும் மாணவனுக்கு அன்னபூரணியின் புகழை மட்டும் கற்பித்து அனுப்பினால் அவன் பழம்பெருமை பேசப் பழகுவான். டீசல் இயந்திரத்தின் உட்பொறியையும், தவணைப் பத்திரத்தின் நிபந்தனைகளையும், பங்குக் கணக்கின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் கற்பித்தால், தந்தையின் படகு யாருடையது என்று அவனே கேட்பான். அக்கேள்வி வகுப்பறையிலிருந்து கடற்கரைக்குச் செல்லட்டும்.